மருந்து போட்ட மாட்டுக்குச் சிவப்பு டேப்

என் தம்பி மெர்வுக்கு அறுபத்தாறு வயதில் மார்பு வளர்ந்தது. கிழவர்களுக்குத் தொங்குகிற சதையைச் சொல்லவில்லை. காம்புக்கு அடியில் கெட்டியாக, சட்டை உரசினாலே உயிர் போகிற வலியோடு, நிஜமான மார்பு. இதை ஏன் இவ்வளவு பச்சையாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊரான ஸ்டோனி ஃபோர்டில் வேறு யாரும் சொல்லவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் சொல்லவில்லை. தம்பி சொல்லவில்லை. தெரிந்தவர்களும் சொல்லவில்லை. இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருந்ததில் அவன் செத்துப்போகப் பார்த்தான். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஏன் ஆற வேண்டும் என்றும் தெரியவில்லை.

மெர்வ் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாலிபத்தில் தபால் நிலையத்துப் பெண் ஒருத்தியோடு நிச்சயமாகி, அவள் மெல்போர்னுக்குப் போய்விட்டாள். அதைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வந்ததில்லை. என் புருஷன் ரான் செத்துப்போன பிறகு அப்பாவின் பண்ணைக்கே திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து நாங்கள் இருவரும்தான் காலையும் மாலையும் பால் கறக்கிறோம். அவன் மேட்டுப் பக்கம் மாடுகளை ஓட்டி வருவான், நான் கொட்டகையில் இயந்திரத்தோடு நிற்பேன். ஒரு நாளைக்கு அவன் பேசுவதை ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடைத்துவிடலாம்.

ஆனால் இந்த ஊரில் மெர்வைத் தெரியாதவர் கிடையாது. காரணம், நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு இறுதி ஆட்டம். எங்கள் புட்பால் கிளப் கோப்பை வாங்கியது அந்த ஒரே ஒரு தடவைதான் (எங்கள் நாட்டுப் புட்பாலில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம்). முழங்கால் வரை சேறு, கடைசி நிமிடம், நாங்கள் ஒரே ஒரு கோல் முன்னால். எதிர் அணிக்காரன் உதைத்த பந்து எங்கள் கோலுக்கு நேராக வருகிறது. மெர்வ் குறுக்கே பாய்ந்து அதை நெஞ்சில் வாங்கி அப்படியே அணைத்துக்கொண்டு சேற்றில் விழுந்தான். ஆட்டம் முடிந்தது. அன்று மைதானத்திலேயே ஆரம்பித்த பழக்கம்: கூட ஆடியவர்கள் மெர்வை எங்கே பார்த்தாலும் உள்ளங்கையை விரித்து அவன் நெஞ்சில் ஓங்கி ஒரு அறை விடுவார்கள். வணக்கமும் அதுதான், பாராட்டும் அதுதான். சந்தையில், மதுக்கடையில், சாவு வீட்டில்கூட. அவனும் லேசாகச் சிரித்து வாங்கிக்கொள்வான். அவனுக்குக் கிடைத்த பெருமை மொத்தமும் அந்த நெஞ்சில்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

எல்லாரையும்விடப் பலமாக அறைபவன் ஸ்னோ பெட்ரி. அன்றைக்கு அணித்தலைவன், இன்றைக்கு எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரன். ஊரிலேயே பெரிய வாய்.

போன வசந்தத்தில் மெர்வுக்கு ப்ராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்தது. கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதோடு தினம் ஒரு மாத்திரை, இரண்டு வருடத்துக்கு. அந்தப் புற்றுநோய்க்குத் தீனி ஆண் ஹார்மோன்தான், மாத்திரை அதை மறித்துவிடும் என்றார் டாக்டர். எனக்குப் புரிந்தது. நாங்களும் தீனியை நிறுத்தித்தான் மாட்டின் பாலை வற்ற விடுகிறோம். கதிர்வீச்சுக்கு நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மெர்வ் ஜன்னல் வழியாக மற்றவர்களின் புல்வெளிகளைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டே வருவான். நோயாளி மாதிரியே இல்லை. இதுவும் கடந்துவிடும் என்று நினைத்தேன்.

கோடையில் வைக்கோல் ஏற்றும்போதுதான் முதலில் ஏதோ சரியில்லை என்று பட்டது. தகிக்கிற வெயில். கீழே நின்ற ஆண்களெல்லாம் வெற்றுடம்போடு இருக்கிறார்கள். மெர்வ் மட்டும் கழுத்து வரை பட்டன் போட்ட ஃபிளானல் சட்டையில் வியர்த்துக் கொட்டினான்.

தொளதொள வேலை அங்கியோடு லாரி மேலே நின்ற ஸ்னோ கத்தினான்: "என்ன மாப்ளே, கல்யாணப் பொண்ணு மாதிரி மூடிக்கிட்டு நிக்கிற? மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்றாங்களா?"

"வெயில் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்," என்றான் மெர்வ்.

"வெயில் ஆகாதா? எங்களுக்கும்தான் ஆகாது. நாங்க என்ன குளுகுளுன்னா நிக்கிறோம்?"

இறங்கி வந்து வழக்கமான அறையை விட்டான். மெர்வின் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததை நான் பார்த்தேன். அவன் சிரித்தான். வைக்கோல் கட்டுக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றான். கதிர்வீச்சின் அசதி என்று நினைத்துக்கொண்டேன். கோபத்தை ஊர் முழுக்கப் பங்கிட்டுக் கொடுக்கிற நான் அன்று என் பங்குக்குக் குருடாகத்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகு அவன் மதுக்கடைக்குப் போவதை நிறுத்தினான். சந்தைக்கும் என்னையே அனுப்பினான். தீவன வாளியை நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறவன், கையை நீட்டித் தள்ளிப் பிடித்துத் தூக்கினான். நாலு சக்கர பைக்கில் மேடு பள்ளத்தில் போகும்போது ஒரு கையை மார்புக்குக் குறுக்கே வைத்துக்கொண்டே ஓட்டினான். மேட்டில் மாடு வர மாட்டேன் என்று அடம்பிடித்தால் இப்போதெல்லாம் அவன் திட்டுவதில்லை, சும்மா நிற்கிறான். அது எனக்குப் பயமாக இருந்தது.

குளிர்காலம் வந்தது. மாடுகளை வற்ற விட்டுவிட்டோம். கன்று ஈன இன்னும் நாள் இருக்கிறது, கறவை இல்லை, வருடத்தில் எங்களுக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு அதுதான். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு மேஜையில் ஆட்டுக் கறியையும் உருளைக்கிழங்கையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். குப்பென்று பெப்பர்மின்ட் வாசனை.

பெப்பர்மின்ட் என்றால் எங்கள் கொட்டகையில் ஒன்றே ஒன்றுதான். மடித் தைலம். தலைச்சன் ஈன்ற கிடாரிக்கு மடி கல்லாக வீங்கிக்கொண்டால் அதைத்தான் சூடு பறக்கத் தேய்ப்போம். வீக்கம் இறங்கும், பால் விடும். ஆனால் இப்போது எந்த மாடும் ஈனவில்லையே.

"எந்த மாட்டுக்குடா மடி வீங்கியிருக்கு?" என்று கேட்டேன்.

மெர்வ் தட்டைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல. எந்த மாடு?"

"மாடு இல்ல."

"பின்ன?"

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். காது சிவந்துவிட்டது. "எனக்குத்தான்," என்றான்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்துவிட்டது. பிறகு அவன் சட்டையின் மேல் பட்டன்களைத் திறந்து காட்டினான். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அறுபது வருடம் கழித்து என் தம்பியை நான் அப்படிப் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் பதினாலு வயதுப் பெண்ணுக்கு இருக்கிற மாதிரி. அதற்கு மேல் தோல் முழுக்கச் செக்கச்செவேல் என்று வெந்து, உரிந்து, சில இடத்தில் கொப்புளம். மாட்டின் மடித்தோலுக்குச் செய்த தைலத்தை, தொட்டாலே துடிக்கிற இடத்தில், காலையும் மாலையும் தேய்த்திருக்கிறான்.

"உனக்கு மூளை இருக்காடா? தோலே வெந்து போயிருக்கு!"

"கிடாரிக்கு எறங்குதுல்ல?"

"நீ என்ன கிடாரியா?"

"இப்ப கிட்டத்தட்ட அதானே," என்றான். அவன் வாழ்க்கையில் அடித்த ஜோக்குகளில் அதுதான் மோசமானது. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனான்.

பின்னாலேயே போய் எல்லாவற்றையும் பிடுங்கினேன். தைலம் மட்டும் இல்லை. கொட்டகை அலமாரியில் பசுக்களுக்கான ஊசிகளுக்குப் பின்னால் க்ரீம் டப்பாக்கள். போனில் தேடி வரவழைத்தது. டப்பா மேல் ஒரு இளவட்டம் வெற்று மார்போடு பல்லைக் காட்டுகிறான். 'ஆண்களின் மார்பை இறுக்கும், கொழுப்பைக் கரைக்கும், மூலிகை' என்று போட்டிருக்கிறது. ஒன்று தேங்காய் மணம், ஒன்று காப்பிக்கொட்டை. எல்லாம் வழித்தெடுத்த காலி டப்பா. அவற்றால் ஒன்றும் ஆகாமல் போன பிறகுதான் மடித் தைலத்துக்கு வந்திருக்கிறான். அந்த இளவட்டத்தின் பல்லை உடைக்க வேண்டும் போல் இருந்தது.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இதையெல்லாம் போய் எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்!"

அடுத்த சந்திப்புக்கு நானும் உள்ளே வந்து உட்காருவேன் என்றேன். வேண்டாம் என்றான். வருவேன் என்றேன். வந்தேன்.

டாக்டர் பெல்லமி நல்ல மனிதர்தான். சுத்தமான கை, மெதுவான குரல். அவர் கணினியைப் பார்த்துவிட்டு முகம் சுருக்கினார். இரத்தப் பரிசோதனையில் புற்றுநோயின் அளவைக் காட்டும் எண் ஏறியிருந்தது. இறங்கிக்கொண்டே வந்தது திடீரென்று ஏறியிருந்தது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா, மெர்வ்?"

"சாப்பிடறேன்."

பொய் சொன்னால் மெர்வ் காது மடலைப் பிடித்துக்கொள்வான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பிடித்துக்கொண்டான்.

"டேய்," என்றேன்.

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். மெர்வ் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றினான்.

"நிறுத்திட்டேன். மாடெல்லாம் வத்தவிட்ட சமயத்துல நிறுத்தினேன்."

ஒரு பருவம் முழுக்க! மாத்திரைப் பெட்டி அடுப்படி ஜன்னலில்தான் இருக்கிறது, தினம் நான் அதைத் துடைத்து வைக்கிறேன், உள்ளே அட்டைகள் முழுசாக இருந்திருக்கின்றன. "ஏன்?" என்று டாக்டர் கேட்டார். மெர்வ் தொப்பியின் விளிம்பைக் கசக்கினான்.

"சட்டையைக் கழட்டுடா," என்றேன் நான்.

கழற்றினான். டாக்டர் எழுந்து வந்து கவனமாகத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும், அக்குளிலும். கெட்ட கட்டி எதுவும் இல்லை என்றார். தோல் ஏன் வெந்திருக்கிறது என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் நாற்காலிக்குத் திரும்பினார்.

"இந்த மாத்திரைக்கு இது சகஜமா வர்றதுதான்," என்றார். "நிறைய பேருக்கு வரும்."

"சகஜமா வருமா?" என்றேன். "நிறைய பேருக்கா? அப்ப மாத்திரை குடுக்கும்போதே சொல்ல வேண்டியதுதானே?"

"மாத்திரையோட குடுத்த தாள்ல இருக்கும்."

"தாள்ல 'மார்பில் லேசான அசௌகரியம்'னு இருக்கு. நானே படிச்சேன். இதுவா லேசு? வராம தடுக்க ஏதாவது வழி இருந்துச்சா, இல்லையா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன், மன்னிக்கவில்லை. "இருந்தது," என்றார். "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மார்புக்குக் கொஞ்சமா கதிர்வீச்சு குடுக்கலாம். இல்லன்னா கூடவே இன்னொரு மாத்திரை. எல்லாருக்கும் இல்லன்னாலும் பல பேருக்குத் தடுக்கும். வளர்ந்து கெட்டிப்பட்ட பிறகு கஷ்டம்."

"ஏன் குடுக்கல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வயசுல, தனியா இருக்கிற மனுஷன். அது அவருக்குப் பெரிய விஷயமா இருக்கும்னு நான் நினைக்கல."

தனியாக இருக்கிற மனுஷன். பெண்டாட்டி இல்லை, எனவே பார்ப்பதற்கு ஆள் இல்லை, எனவே அவனுக்கு உடம்பே இல்லை! நான் எழுந்து நின்றுவிட்டேன். என் குரல் வெளியே காத்திருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

"எங்க ஊர்ல மருந்து போட்ட மாட்டுக்கு ரெண்டு பின்னங்கால்லயும் சிவப்பு டேப் கட்டுவோம். எதுக்குன்னு தெரியுமா? இதுக்குள்ள மருந்து இருக்கு, இதோட பாலைத் தொட்டியில விடாதே, இதைப் பாத்து நடத்துன்னு அடுத்தவனுக்குத் தெரியணும். மருந்து போட்டுட்டு டேப் கட்டாம விட்டவனை ஊரே காறித் துப்பும். நீங்க என் தம்பிக்கு மருந்தைப் போட்டு, ஒரு வார்த்தை சொல்லாம கதவைத் தொறந்து விட்டுட்டீங்க. அவன் நெஞ்சுல ஊரே அறையுது. அவன் நின்னு வாங்கிக்கிறான்!"

"அக்கா, உக்காரு," என்றான் மெர்வ்.

"உங்க கோவம் நியாயம்தான்," என்றார் டாக்டர். அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. எதிர்த்துச் சண்டை போட மாட்டேன் என்கிறவனோடு எப்படிச் சண்டை போடுவது?

மெர்வ் சட்டைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தான். அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்பதே எனக்குத் தெரியாது. "இதைவிட நல்ல க்ரீம் ஏதாவது இருக்கா?" என்றான். அந்த அறையில் அவனாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

டாக்டர் டப்பாவைத் திருப்பிப் படித்தார். "இது தோலுக்கு மேல பூசற சாமான் மெர்வ். உங்களுக்கு வளர்ந்திருக்கிறது உள்ள இருக்கிற சுரப்பி. அதைக் கரைக்கிற க்ரீம்னு எதையும் நான் நம்பிக்கையா குடுக்க முடியாது. அந்தத் தைலத்தை இன்னைக்கே நிறுத்துங்க. நான் ஒரு மாத்திரை சேர்த்துத் தர்றேன், வலி குறையலாம். வளர்ந்தது பூரா போகும்னு சொல்ல மாட்டேன். ரொம்ப முடியலன்னா அறுவை சிகிச்சை இருக்கு. ஆனா பழைய மாத்திரையை மறுபடி இன்னைக்கே ஆரம்பிக்கணும். எண் ஏறினது நீங்க நிறுத்தினதாலன்னுதான் நினைக்கிறேன். தள்ளிப்போட்டா நிச்சயமா சொல்ல முடியாது."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மழை. நான் ஓட்டினேன். மேடு ஏறும்போது மெர்வ் சொன்னான்:

"ரீயூனியன் முடியட்டும். அப்புறம் ஆரம்பிக்கிறேன்."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன்.

கோப்பை வாங்கி நாற்பது வருடம் ஆனதற்கு கிளப்பில் விழா வைத்திருந்தார்கள். அன்று ஆடியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் அத்தனை பேரும் பழைய எண் போட்ட, உடம்பை ஒட்டிய, கையில்லாத கிளப் பனியனும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு, காகிதத் திரையைக் கிழித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓட வேண்டும். திரையை ஒட்டுகிற பெண்களில் நானும் ஒருத்தி. இவ்வளவு நாள் அதை ஒட்டிக்கொண்டிருந்தேன், அது எதற்காக என்று யோசிக்கவே இல்லை.

"அதுக்காகவாடா நிறுத்தின? ஒரு பனியனுக்காகவா?"

"மாட்டுக்கு மருந்தை நிறுத்தினா இத்தனை நாள்ல பால்ல இருந்து போயிடும்னு புட்டியிலேயே போட்டிருக்கும்ல. அது மாதிரி நிறுத்தினா வடிஞ்சிடும்னு நெனச்சேன். அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும். அப்புறம் மறுபடி போட்டுக்கலாம்னு."

"வடிஞ்சுதா?"

"இல்ல."

"ஏறினது எது?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உன் நெஞ்சுல ஒரு பந்தைப் புடிச்ச, சரி. அந்த நெஞ்சு தட்டையா இருக்கணும்னு செத்துப்போவியா? செத்தா நான் ஒத்தையா அத்தனை மாட்டையும் எப்படிடா கறப்பேன்? ஸ்னோ வந்து கறப்பானா?"

"நீ எப்பவும் கத்திக்கிட்டே இரு," என்றான். இப்போது அவனும் கத்தினான். என் தம்பி கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நீ பொம்பள, உனக்கு இருக்கு, உனக்கு என்ன தெரியும்? அவனுங்க எல்லாம் பாப்பானுங்க. ஸ்னோ சும்மா விடுவானா? 'பால் ஏத்தற டாங்கர் எத்தனை மணிக்கு வருது மெர்வு'ன்னு கேப்பான். சாகற வரைக்கும் கேப்பான். என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான் அக்கா. அந்த ஒரு பந்து."

பதில் வராதபோது எனக்கு எதையாவது எறியத் தோன்றும். கொட்டகைக் கோட்டின் பையில் எப்போதும் கிடக்கிற சிவப்பு டேப் சுருளை எடுத்து அவன் மடியில் எறிந்தேன்.

"மருந்து போட்டா டேப்பைக் கட்டிக்கிட்டு நட. நம்ம ஊர்ல ஒருத்தனுக்காவது அதுக்கு அர்த்தம் தெரியாதா? மறைக்கிறதுனா நீயே தனியா செத்துக்கோ. நான் திரை ஒட்ட மாட்டேன்."

அதற்குப் பிறகு விழா வரைக்கும் நாங்கள் தேவைக்கு மேல் பேசவில்லை. மாத்திரை சாப்பிடுகிறானா என்று அட்டையை எண்ணிப் பார்க்கவும் மனம் வரவில்லை. அவன் தூர எறிந்துவிட்டு அட்டையைக் காலி செய்யக்கூடியவன். எண்ணி என்ன பயன்? மாடுகள் ஈன ஆரம்பித்தன. ஒரு கிடாரிக்கு மடி வீங்கியது. தைலத்தை எடுத்து நான் தேய்க்கும்போது மெர்வ் அந்தப் பக்கம் போய் நின்றான்.

திரையை ஒட்டத்தான் செய்தேன். கோபத்தில் சொன்னதையெல்லாம் செய்ய முடியுமா?

விழா நாளில் காலையில் அவன் என்னோடு வரவில்லை, பின்னால் வருகிறேன் என்றான். வர மாட்டான் என்றே நினைத்தேன். மைதானத்தில் நல்ல கூட்டம். சூப்பும் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியும் விற்கிற கூடாரத்தில் என்னை நிறுத்தியிருந்தார்கள். உடை மாற்றும் அறையிலிருந்து கிழவர்கள் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள், முட்டியைத் தேய்த்துக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு. ஸ்னோ பனியனுக்கு மேல் கனமான கிளப் ஜாக்கெட்டைக் கழுத்து வரை இழுத்துப் பூட்டியிருந்தான். குளிர்கிறதாம். எல்லாரையும் கிண்டல் செய்துகொண்டிருந்தான்.

கடைசியாக மெர்வ் வந்தான்.

பனியனில்தான் வந்தான். உடம்பை ஒட்டிய, அவனுடைய பழைய பனியன். எல்லாம் தெரிந்தது. கூனவில்லை, கையைக் குறுக்கே வைக்கவில்லை. அரைக்கால் சட்டைக்குக் கீழே, இரண்டு கெண்டைக்காலிலும், காலுறைக்கு மேல், சிவப்பு டேப்.

என் கையிலிருந்த கரண்டி சூப்புக்குள் விழுந்துவிட்டது. டேப் கட்டினால் உள்ளே மருந்து இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊரில் பொய்யாக டேப் கட்டுகிற பால்காரன் கிடையாது. மெர்வ் காதைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்வான், ஆனால் டேப்பில் பொய் சொல்ல மாட்டான். மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

ஸ்னோ அவனைப் பார்த்ததும் வழக்கம்போல் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். "வாடா வா, எங்க கதாநாயகன்!" எங்கள் ஊர் ஆண்கள் எதையும் பின்னங்காலிலிருந்துதான் பார்ப்பார்கள், வாழ்நாள் முழுக்க மாடுகளை அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். ஸ்னோவின் கண் கீழே போனது. டேப்பில் நின்றது. பிறகு மேலே வந்தது, நெஞ்சுக்கு. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. வரிசையிலிருந்த எல்லாரும் கீழே பார்த்தார்கள், மேலே பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் எதையும் கேட்கவும் இல்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, காலில்தான் எழுதியிருக்கிறதே. ஸ்னோ கையை இறக்கி மெர்வின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

திரையைக் கிழித்துக்கொண்டு ஓடினார்கள். ஓடினார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

ஆட்டம் பாதியானபோது ஸ்னோ கூடாரத்துக்குப் பின்பக்கமாக வந்தான். அந்த ஜாக்கெட்டை இன்னும் கழற்றவில்லை. சூப்பு வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றான். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தான்.

"க்ளென் அக்கா, அந்த டேப் இன்னும் இருக்கா உங்கிட்ட?"

"எதுக்கு? உன் மாட்டுக்கா?"

அவன் தரையைப் பார்த்தான். "அதே டாக்டர்தான். அதே மாத்திரைதான். மெர்வுக்கு முன்னாடியே ஆரம்பிச்சேன்." ஜாக்கெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டான். "அந்த க்ரீமெல்லாம் சுத்த வேஸ்ட்டுக்கா. டப்பா டப்பாவா தடவிட்டேன்."

வைக்கோல் நாளன்று இவன் கை மெர்வின் நெஞ்சில் விழுந்த சத்தம் எனக்கு ஞாபகம் வந்தது. வலி எங்கே என்று தெரிந்த கை அது. "நாயே," என்றேன். "உனக்கும் வலிக்கும்னு தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டே ஏன்டா அவனை அடிச்ச?"

"அவனைப் பாத்தா என்னைப் பாக்க மாட்டாங்கன்னு."

அந்த இடத்தில் அவனை அறைந்திருப்பேன். கை எழுந்தது. எங்கே அறைந்தால் அவனுக்கு வலிக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். கோட்டுப் பையில் கைவிட்டேன். பழைய சுருளை அன்று மெர்வ் மேல் எறிந்துவிட்டேன். ஆனால் இது கன்று ஈனும் காலம், பையில் புதுச் சுருள் இருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன்.

"காலை நீட்டு," என்றேன்.

நீட்டினான். இந்த வயதில் எனக்குக் குனிவது சுலபம் இல்லை. குனிந்து கட்டினேன், இரண்டு காலிலும், கொஞ்சம் இறுக்கமாகவே.